செனாயில் இறங்குகிறார்கள், செனாயைப் பார்ப்பதில்லை

செனாய்: சனிக்கிழமை காலை செனாய் அனைத்துலக விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஜொகூர் சுற்றுலாவின் நிலைமை ஓரளவு புரிந்துவிடும். கூச்சிங்கிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகின்றன. சிலர் கார் வாடகை முகப்பில் கையொப்பமிட்டுச் சாவியை வாங்குகிறார்கள். சிலர் கைப்பேசியில் கிராப் அழைக்கிறார்கள். கால் மணி நேரத்தில் கூடம் காலியாகிவிடுகிறது.

எங்கே போகிறீர்கள் என்று சிலரிடம் கேட்டேன். லெகோலாந்து என்றார் ஒருவர். டெசாரு கடற்கரை என்றார் மற்றொருவர். சிங்கப்பூர் என்றவர்களும் உண்டு. நான் பேசியவர்களில் ஒருவர்கூட செனாயிலோ கூலாயிலோ நிற்கப் போவதாகச் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த ஓட்டுநர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போவது அவர்கள். ஆனால் போகிற இடத்தில் சொல்லப்படும் கதையில் அவர்களுக்கு இடமில்லை.

இது ‘மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026’. 35.6 மில்லியன் சுற்றுப்பயணிகள், 147.1 பில்லியன் ரிங்கிட் வருமானம் என்று இலக்கு அறிவிக்கப்பட்டுத் தொடங்கிய ஆண்டு. ஜொகூரும் தன் பங்குக்கு இதே ஆண்டைத் தன் வருகை ஆண்டாக அறிவித்திருக்கிறது. இத்தனை பேர் வரும்போது செனாய், கூலாய் வட்டார இந்தியர்களுக்கு இதில் கிடைக்கப் போவது என்ன? ஓட்டுநர் வேலையும் துப்புரவு வேலையும் மட்டும்தானா? அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வாசலில் இருக்கும் ஊர்

செனாய் விமான நிலையம் 1974இல் திறக்கப்பட்டது. 2003இல் அதன் நிர்வாகம் தனியார் கைக்கு மாறியது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே செல்கிறது. 77 கிலோமீட்டர் நீளமுள்ள செனாய் - டெசாரு நெடுஞ்சாலை இங்கிருந்துதான் கிழக்குக் கடற்கரைப் பக்கம் பிரிகிறது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்பு வழியாகச் சிங்கப்பூருக்கும் போகலாம். 2011இல் கூலாயில் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் வந்தது. 2012 செப்டம்பரில் இஸ்கண்டார் புத்ரியில் லெகோலாந்து திறக்கப்பட்டது. கடந்த டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்ரயில் சேவையும் தொடங்கிவிட்டது.

வழி என்று பார்த்தால் செனாய்க்கு எந்தக் குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

சுற்றுலாக் கல்வியின் முதல் பாடமே இதுதான். ஓர் ஊர் சுற்றுலாத் தலமாக வேண்டுமானால் மூன்று வேண்டும்: பார்க்க ஏதாவது, போய்ச் சேர வழி, தங்கவும் உண்ணவும் வசதி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஊர் ‘வாசல்’ ஆகிவிடும். வாசலில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள், கடந்துதான் போவார்கள்.

இரண்டாவது பாடம், யார் சுற்றுப்பயணி என்பது. குறைந்தது ஓர் இரவு தங்குபவரையே உலக நாடுகள் சுற்றுப்பயணி என்று கணக்கெடுக்கின்றன. காலையில் வந்து மாலையில் திரும்புபவர் ஒருநாள் வருகையாளர். சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து வந்து, பெட்ரோல் நிரப்பி, சாப்பிட்டு, பொருள் வாங்கிக்கொண்டு திரும்புபவர் இரண்டாவது வகை. இருவரும் பணம் செலவிடுகிறார்கள். ஆனால் இரவு தங்குபவரின் பணம் தங்கும் விடுதி, உணவுக்கடை, வழிகாட்டி, ஓட்டுநர், கைவினைப் பொருள் விற்பவர் எனப் பல கைகளுக்குப் போகிறது. ஒருநாள் வருகையாளரின் பணம் பெரும்பாலும் பேரங்காடியோடு நின்றுவிடுகிறது.

புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் மறுகரை சேர்க்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் அது அமைக்கப்படுகிறது. ஜொகூர் பாருவுக்கு வருகிறவர்கள் கூடுவார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களை இன்னும் அரை மணி நேரம் வடக்கே வரவைக்க நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது என்பதே கேள்வி.

சாவி கையில் இருப்பவர் போகும் வழி

வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டிச் செல்லும் பயணி, பேருந்தில் வரும் குழுவைப் போன்றவர் அல்ல. குழுவின் நேரத்தையும் வழியையும் பயண நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். சொந்தமாக ஓட்டுபவர் பலகையைப் பார்த்தால் திரும்புவார், பசித்தால் நிறுத்துவார், நல்லது என்று கேள்விப்பட்டால் இருபது கிலோமீட்டர் சுற்றிப் போகவும் தயங்க மாட்டார். சிறு ஊர்களுக்கும் செம்மண் பாதையோரக் கோயில்களுக்கும் வரக்கூடியவர் இவர் ஒருவரே. செனாயில் இறங்குபவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு வாய்ப்பு.

இந்தத் தொழிலில் இறங்கும் நம் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கார் வாடகைத் தொழிலில் விற்கப்படுவது நாள். இன்று ஓடாத காரின் இன்றைய வாடகையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. ஒரு கணக்குக்கு நாள் வாடகை 120 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 20 நாள் ஓடினால் 2,400 ரிங்கிட். 10 நாள்தான் ஓடியது என்றால் 1,200 ரிங்கிட். வங்கித் தவணை, காப்புறுதி, சாலை வரி ஆகியவை இரண்டு மாதங்களுக்கும் ஒன்றுதான். பள்ளி விடுமுறையில் கார் போதாமல் தவிப்பதும், மற்ற மாதங்களில் கார் வீட்டு வாசலில் நிற்பதும் இத்தொழிலின் இயல்பு. விடுமுறை மாத வருமானத்தைப் பார்த்து இரண்டாவது காருக்கும் கடன் வாங்குபவர்கள் சிக்குவது இங்குதான்.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. உரிமம் எடுக்காமல், சொந்தக் காரையே வாட்சாப் வழியாகவும் முகநூல் வழியாகவும் வாடகைக்கு விடுவது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதி, காரை வாடகைக்கு விட்ட நிலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு தராது. கார் நொறுங்கினாலும் களவு போனாலும் கடன் மட்டும் மிஞ்சும். தவணைக் கொள்முதலில் எடுத்த கார், கடன் தீரும்வரை சட்டப்படி நிதி நிறுவனத்துக்கே சொந்தம் என்பதையும் மறக்கக்கூடாது. தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் காரைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்க 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டம் இடமளிக்கிறது. நண்பருக்கு நண்பர் என்று நம்பிக் கொடுத்த கார் எல்லை தாண்டிப் போன பிறகு தலையில் கைவைத்து உட்கார்வதில் பயனில்லை. வாடகைத் தொழிலுக்குரிய உரிமமும் காப்புறுதியும் முதலில், விளம்பரம் பிறகு.

கிராப் போன்ற செயலிவழிச் சேவைகளுக்கு 2019 முதல் சிறப்பு ஓட்டுநர் உரிமம் கட்டாயமானபோது நம் ஓட்டுநர்கள் பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் உரிமம் உள்ளவர்தான் நாளைக்கு ஓர் அதிகாரியின் முன்னால் நிமிர்ந்து பேச முடியும். சுற்றுலாவின் எல்லாத் தொழில்களுக்கும் இது பொருந்தும்.

மண் நம்முடையதாக இல்லை

இனி முதல் கேள்விக்கு வருவோம். காரை எடுத்துக்கொண்டு வருகிறவர் இங்கே எதைப் பார்ப்பது?

1909இல் ஜொகூர் ரயில் பாதை கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை முழுமையானது. அதைத் தொடர்ந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கூலாய், செனாய், செடெனாக், லாயாங் லாயாங் என்று பாதை நெடுகிலும் தமிழர்கள் குடியேற்றப்பட்டார்கள். விடியற்காலை பெரட்டு, லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என ஒரு முழு வாழ்க்கை இங்கே நடந்திருக்கிறது. பின்னர் ரப்பர் போய் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய்க்கொண்டிருக்கிறது.

கூலாய் யங் தோட்டத்தின் ஏறத்தாழ 664 ஹெக்டர் நிலம் கைமாறி, இன்று அங்கே தரவு மையங்கள் எழுகின்றன. செடெனாக் பகுதியிலும் தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையங்களும் வந்துவிட்டன. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வேலைகளில் நம் பிள்ளைகளும் சேர வேண்டும். ஆனால் உலகத்தின் தரவுகளைச் சேமிக்கும் அந்த மண்ணில், நூறாண்டு வாழ்ந்தவர்களைப் பற்றிய ஒரு பக்கத் தகவலாவது எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா?

என் பாட்டி கூலாய் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். சென்ற ஆண்டு அவரை அங்கே அழைத்துச் சென்றேன். உள்ளே போக முடியவில்லை. இரும்பு வேலி போட்டிருந்தார்கள். காவலாளி மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார். சாலையோரத்தில் நின்றபடியே, “அதோ அங்கதான் பெரட்டு. இந்தப் பக்கம் மாரியம்மன் கோயில். அதுக்குப் பின்னால நம்ம லயம்” என்று பாட்டி கையைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் மண்வாரி இயந்திரங்கள்தான் தெரிந்தன. நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். படத்தில் இருப்பது பாட்டியின் கை மட்டுமே.

ஏன் இந்த நிலை? உரிமை பற்றிய ஓர் உண்மையைப் பேசாமல் மரபுச் சுற்றுலா பேச முடியாது. அரசின் ஹோம்ஸ்தே திட்டம் 1995 முதல் கிராமங்களில் நடந்து வருகிறது. சுற்றுப்பயணி கிராமத்து வீட்டில் தங்குவார், வீட்டார் சமைத்துப் போடுவார்கள், ஊர் வாழ்க்கையைக் காட்டுவார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குச் சொந்த வீடு வேண்டும். லயத்து வீடு நிறுவனத்தின் சொத்து. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோயில் நின்ற நிலமும் பெரும்பாலும் தோட்டத்தின் நிலம்தான். கிராமத்து மக்களிடம் வீடும் நிலமும் இருந்தன, அதனால் அவர்களால் தங்கள் வாழ்க்கையைச் சுற்றுலாவாக மாற்ற முடிந்தது. தோட்டத்து மக்களிடம் இருந்தது நினைவு மட்டுமே. நினைவைப் பதிவு செய்யாவிட்டால் அதுவும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது

2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம் (சட்டம் 645) 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓர் இடத்துக்கோ பொருளுக்கோ மரபு மதிப்பு உண்டா என்று பார்க்க அச்சட்டம் தரும் அளவுகோல்களில் கட்டடக்கலை, வரலாறு, தொல்லியல் ஆகியவை மட்டும் இல்லை. சமூக மதிப்பு, ஆன்மிக மதிப்பு, மொழி மதிப்பு ஆகியவையும் இருக்கின்றன. தமிழ்க்கல்வி பயின்றவள் என்ற முறையில் ‘மொழி’ என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

‘பெரட்டு’ என்ற சொல் ஆங்கிலேயத் துரையின் ‘பரேட்’ தமிழன் வாயில் மாறியது. இலங்கை மலையகத்தில் அதையே ‘பிரட்டு’ என்பார்கள். ‘லயம்’ என்பது ‘லைன்’. ‘கிராணி’ மலாய் மொழியின் ‘கெராணி’யோடு உறவுடையது. கடலின் இரு பக்கத்திலும் தமிழர்களின் உழைப்பு ஒரே வகைச் சொற்களை உருவாக்கியிருக்கிறது. அகராதியில் இடம்பெற வேண்டிய இச்சொற்களும் நம் மரபுச் சொத்துதான்.

ஒன்றைத் தேசிய மரபாக அறிவிக்கும்படி முன்மொழியும் உரிமையை அச்சட்டம் பொதுமக்களுக்கும் தருகிறது. அதே வேளை, நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதால் ஓர் இடத்தை மரபுத் தலமாக அறிவிப்பதில் மாநில அரசின் நிலைப்பாடும் முக்கியம். ஆக, தோட்டக் கோயில் ஒன்றுக்காகப் பேச வேண்டுமானால் புத்ராஜெயாவை மட்டும் பார்த்தால் போதாது. ஜொகூர் அரசையும் கூலாய் நகராண்மைக் கழகத்தையும் அணுக வேண்டும்.

அறிவிக்கப்படாத மரபுக்கு என்ன நேரும் என்பதை கெடாவில் பார்த்தோம். பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கும் பழைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் உள்ளன. அவற்றில் 11ஆம் எண் கொண்ட சண்டி 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. நிலம் தனியாருடையது, அந்த இடம் மரபுத் தலமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. அத்தனை பழைய தலத்துக்கே அந்த நிலை என்றால், நூறாண்டுக் கோயிலுக்கும் லயத்துக்கும் என்ன பாதுகாப்பு?

கதை இருந்தால் வருவார்கள்

தோட்ட வாழ்க்கையைப் பார்க்க யார் வரப் போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஜொகூரிலேயே இரண்டு பதில்கள் உள்ளன.

ஒன்று, ஜொகூர் பாருவின் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில். 1922இல் ரயில் பாதை அருகே சிறு குடிலாகத் தொடங்கியது அது. சில ஆண்டுகள் நடந்த மறுசீரமைப்புக்குப் பிறகு 2009இல் கண்ணாடிக் கோயிலாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 300,000 வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்ட அக்கோயிலை நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என்று மலேசியச் சாதனைப் புத்தகம் 2010இல் அங்கீகரித்தது. சீன, ஜப்பானிய, ஐரோப்பியப் பயணிகள் இன்று அங்கே வருகிறார்கள். வழிபாடு ஒரு பக்கம் நடக்க, பார்வையாளர்களுக்கும் வழி செய்திருக்கிறார்கள். சந்தைப்படுத்துதல் என்றால் இதுதான். உள்ளதில் மற்ற எவரிடமும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து, அதை ஒரே வரியில் சொல்லத் தெரிவது. ‘கண்ணாடிக் கோயில்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

இரண்டு, குளுவாங் ரயில் காப்பி. 1938 முதல் ரயில் நிலையத்தில் நடந்துவந்த சிறு காப்பிக்கடை அது. காப்பியும் ரொட்டியும்தான். ஆனால் அதைக் குடிப்பதற்காகவே குளுவாங்குக்குக் கார் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. கட்டடம் பிரமாண்டமாக இருக்க வேண்டியதில்லை, தொடர்ச்சி இருந்தால் போதும் என்பதற்கு அது சான்று.

தோட்ட மரபையே எடுத்துக்கொண்டால், இலங்கை இரண்டு வழிகளைக் காட்டுகிறது. மலையகத்தில் துரைமார்கள் வாழ்ந்த பங்களாக்கள் 2005 முதல் ஆடம்பர விடுதிகளாக மாற்றப்பட்டன. உலகெங்கிலுமிருந்து செல்வந்தர்கள் வந்து தங்குகிறார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் அங்கே சன்னல் வழியே தெரியும் காட்சி. அதே மலையகத்தில், கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகாக் தோட்டத்தில், 2007இல் பழைய லயத்து அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. தொழிலாளர்கள் புழங்கிய பாத்திரங்கள், கருவிகள், ஆவணங்கள் அங்கே சேகரிக்கப்பட்டுள்ளன. முதல் வழியில் பணம் அதிகம், கதை துரையுடையது. இரண்டாவது வழியில் பணம் குறைவு, கதை உழைத்தவர்களுடையது. ஜொகூரில் முதலீட்டாளர் யாராவது நாளைக்குப் பழைய தோட்ட பங்களா ஒன்றை விடுதியாக்கலாம். அன்று அங்கே வைக்கப்படும் விளக்கப் பலகையில் நம் பாட்டிமார்களைப் பற்றி என்ன எழுதப்படும் என்பதை, இன்று நாம் செய்யும் பதிவுதான் முடிவு செய்யும்.

விளம்பரம் முந்தினால்

பதிவு முதலில் வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோத்தா கெலாங்கி விவகாரம் நினைவிருக்கிறதா? 2005 பிப்ரவரியில் ஜொகூர் காட்டுக்குள் ஆயிரம் ஆண்டுப் பழைய நகரம் ஒன்று மறைந்து கிடப்பதாகச் செய்தி வெளியானது. பழைய ஏடுகளையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் கொண்டு ஆய்வாளர் ஒருவர் முன்வைத்த கருத்து அது. ‘செஜாரா மெலாயு’ கெலாங்கி கோட்டையையும், அதைத் தாக்கிய ராஜா சூலான் என்ற மன்னனையும் பற்றிப் பேசுகிறது. 1025ஆம் ஆண்டு ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்போடு அதை இணைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நம் சமூகத்திலும் பெருமிதம் பொங்கியது. சுற்றுலாத் தலமாக்குவது பற்றிய பேச்சும் உடனே எழுந்தது. அரசு ஆய்வாளர்கள் 2005 ஜூலையில் களத்தில் இறங்கித் தேடினார்கள். நகரத்துக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

சோழர் படை வந்ததா என்ற வரலாற்றுக் கேள்விக்குள் இங்கே நுழையவில்லை. சான்று கையில் வரும் முன்பே விளம்பரம் ஓடிவிட்டது என்பதுதான் இதிலுள்ள பாடம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னனுக்காக இவ்வளவு பரபரப்படைந்த நாம், ஐம்பது ஆண்டுக்கு முன் நம் பாட்டி நின்ற பெரட்டுக் களத்தைக் குறித்து வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னர்கள் வந்தார்களா என்பதற்குச் சான்று தேட வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்று இன்னும் உயிரோடு நம் வீட்டிலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பெரிய நிதி இல்லாமலே தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பதிவு. கூலாய் மாவட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, கோயில் நிர்வாகங்கள் இருக்கின்றன, இளைஞர் இயக்கங்கள் இருக்கின்றன. எழுபது வயதைக் கடந்த தோட்டத்து மக்களின் பேச்சைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். பெயர், தோட்டம், டிவிஷன், வேலை செய்த ஆண்டுகள், கோயில் இருந்த இடம், லயங்களின் வரிசை ஆகியவற்றைக் கேட்டு ஒரு வரைபடத்தில் குறிக்கலாம். கோயில்களில் இருக்கும் பழைய கணக்குப் புத்தகம், திருவிழா அழைப்பிதழ், நன்கொடைச் சீட்டு எதையும் குப்பையில் போடக்கூடாது. ஒரு கோயில் எந்த ஆண்டில் இருந்தது என்பதற்கு அதுவே ஆவணம். புதிய கட்டடம் கட்டும்போது பழைய சூலத்தையும் மணியையும் கல்வெட்டையும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூன்று மொழிகளில் நான்கு வரி எழுதி வைத்தால் அது ஒரு சிறு காட்சியகம்.

இரண்டாவது, கேட்க வேண்டியதைக் கேட்பது. தோட்ட நிலம் தொழிற்பேட்டையாகும்போது கோயிலுக்கு மாற்று நிலம் கேட்கிறோம். அது நியாயம். அதோடு, இந்த இடத்தில் இன்ன தோட்டம் இருந்தது என்று சொல்லும் ஒரு நினைவுப் பலகையையும், சாலைக்கோ பூங்காவுக்கோ பழைய தோட்டத்தின் பெயரையும் கேட்கலாம். பெரிய நிறுவனங்களுக்கு அது பெரிய செலவில்லை. சுற்றுலா இடங்களைக் காட்டும் பழுப்புநிறச் சாலைப் பலகையில் ஒரு பழைய கோயிலின் பெயர் வந்துவிட்டால், வாடகைக் காரில் வருகிறவர் திரும்புவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

மூன்றாவது, உரிமம். சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்க 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். பயிற்சி பெற்று, தேர்வு எழுதித்தான் வழிகாட்டி அட்டை வாங்க முடியும். நாலு மொழி பேசத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத உயரமில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் வழிகாட்டி அட்டையும் வைத்திருந்தால், அவர் விற்பது இருக்கையை மட்டுமல்ல, நாள் முழுவதற்குமான அனுபவத்தை. ஊதியமும் அதற்கேற்ப உயரும்.

நான்காவது, அளவறிதல். கோயில் முதலில் வழிபாட்டு இடம். திருவிழா நம்முடைய நேர்த்திக்கடன். அவற்றைப் படம் எடுக்கும் பொருளாக மட்டும் மாற்றிவிடக்கூடாது. எந்த நேரத்தில் வரலாம், எங்கே நிற்கலாம், எதைப் படம் பிடிக்கக்கூடாது என்று எழுதி வைத்தால் வருகிறவரும் மதிப்பார். விதி இல்லாத இடத்தில்தான் மனக்கசப்பு வரும்.

இவற்றால் செனாய் நாளைக்கே மலாக்கா ஆகிவிடாது. மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் 2008இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது, பல ஆண்டுகளாகப் பலர் சேர்த்த ஆவணங்களின் பலன். நமக்கு அவ்வளவு பெரிய பட்டியல் வேண்டாம். செனாயில் இறங்கும் ஒரு குடும்பம் லெகோலாந்துக்குப் போகும் வழியில் இரண்டு மணி நேரம் நின்று, ஒரு தோட்டக் கோயிலைப் பார்த்து, பால்மரம் எப்படி வெட்டுவார்கள் என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டு, நம் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போனால் அது நல்ல தொடக்கம்.

ஆனால் அந்தப் பெரியம்மா இருக்க வேண்டுமே. ரப்பர்க் காலத்தில் வேலை செய்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள், கோயில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது. கேட்டதை எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

என் பாட்டியிடம் நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினொரு லயங்களின் வரிசையைச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாவதில் யார் இருந்தார்கள் என்பதுதான் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அடுத்த லயத்தில் இருந்த தோழிக்கு ஞாபகம் இருக்கும் என்கிறார். அந்தத் தோழி இப்போது மாசாயில் இருக்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவரைப் பார்க்கப் போகிறோம்.